1987ஆம் ஆண்டின் முத்திரை, 1999ஆம் ஆண்டின் குழாய்

ஹாட்வெயார் வியாபாரத்தில் இருக்கும் எமக்கு எல்போ, டீ, சொக்கட் எல்லாம் பெட்டியில் கிடக்கும் சில்லறைச் சாமான்கள். குழாய் வாங்க வருபவர் குழாயின் டைப் 600ஆ, டைப் 1000ஆ என்று கேட்பார். விலை பேசுவார். கடைசியில், "அதோடு நாலு எல்போவும் இரண்டு டீயும் போடுங்கள்" என்பார். அந்த எல்போ எந்தக் கம்பனி, என்ன தரம் என்று நூற்றில் ஒருவர் கேட்டால் அதிசயம். ஆனால் தண்ணீர் ஒழுகும்போது பெரும்பாலும் குழாய் ஒழுகுவதில்லை. பொருத்துத்தான் ஒழுகும்.

தண்ணீர் ஒழுகினால் சுவர் நனையும், பைப் பாஸுக்கு இன்னொரு நாள் கூலி போகும், அவ்வளவுதான். அதே பொருத்துக்குள் எரிவாயு ஓடினால்? இந்த வாரம் ஐக்கிய அமெரிக்காவில் அந்தக் கேள்வியை எப்படிக் கையாண்டார்கள் என்று பார்ப்போம். எம் நாட்டில் வீட்டுக்கு வீடு இயற்கை வாயு குழாயில் வருவதில்லை. அங்கே ஊர் ஊராக, தெருவின் கீழே வருகிறது. அந்த விநியோகக் குழாய்களில் பாதிக்கும் மேல் இன்று பிளாஸ்டிக். எமது கடைகளில் உள்ள சாம்பல் நிற பீ.வீ.சீ. அல்ல, பெரும்பாலும் பொலிஎதிலீன். கம் பூசி ஒட்டுவதில்லை. சூடாக்கி உருக்கி இணைப்பார்கள், அல்லது நட்டு, போல்ட் உள்ள இயந்திரப் பொருத்துகளால் பிடிப்பார்கள்.

நான் இதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அவர்களுடைய சட்டத்துக்கும் சந்தையில் உள்ள சரக்குக்கும் இடையில் ஏற்பட்ட இழுபறி எம் தொழிலில் இருப்பவர்களுக்கு நன்றாக விளங்கும்.

சட்டம் ஆண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும்

அமெரிக்காவின் எரிவாயுக் குழாய்ப் பாதுகாப்பு விதிகள் 1970இல் வந்தவை. இன்று அவற்றைப் பார்ப்பது அந்நாட்டுப் போக்குவரத்துத் திணைக்களத்தின் கீழ் உள்ள குழாய்வழி மற்றும் ஆபத்தான பொருட்கள் பாதுகாப்பு நிர்வாகம். ஒரு பிளாஸ்டிக் குழாயின் தடிப்பு, மூலப்பொருள், சோதனை என்று ஒவ்வொன்றையும் அரசாங்கம் தானே எழுதுவதில்லை. ஏ.எஸ்.டீ.எம். போன்ற தர நிறுவனங்கள் எழுதியதை, "இந்த நியமத்தின்படி செய்யப்பட்டிருக்க வேண்டும்" என்று விதியில் சுட்டிக்காட்டும். சுட்டிக்காட்டப்பட்ட நியமத்துக்குச் சட்டத்தின் பலம் வந்துவிடும்.

வேலை இலகுவாகிறது. ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. விதி ஒரு நியமத்தைச் சுட்டும்போது அதன் குறிப்பிட்ட ஆண்டுப் பதிப்பையே சுட்டுகிறது. தர நிறுவனம் அடுத்த பதிப்பை வெளியிட்டாலும் அது தானாகச் சட்டத்துக்குள் நுழையாது. அரசாங்கம் முன்மொழிவை வெளியிட்டு, கருத்துக் கேட்டு, இறுதி விதியை அறிவித்த பிறகுதான் நுழையும். அதற்கு ஆண்டுகள் எடுக்கும். தொழிற்சாலை அதற்குள் இரண்டு மூன்று பதிப்புகள் முன்னே போய்விடும்.

எரிவாயுக்கான பிளாஸ்டிக் குழாய், பொருத்துகளின் முதன்மை நியமம் டீ 2513 என்பது. 2000களில் அமெரிக்க விதியைப் புரட்டியவர்கள் ஒரு வேடிக்கையைக் கண்டிருப்பார்கள். குழாய் சம்பந்தமான பிரிவுகள் அந்த நியமத்தின் 1999ஆம் ஆண்டுப் பதிப்பைக் கேட்டன. பிளாஸ்டிக் பொருத்துகளில் முத்திரை இடுவது பற்றிய பிரிவோ அதே நியமத்தின் 1987ஆம் ஆண்டுப் பதிப்பைக் கேட்டது. ஒரே நியமம், ஒரே சட்டம், இரண்டு ஆண்டுகள். எரிவாயுக் கம்பனியின் களஞ்சியப் பொறுப்பாளர் எந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சரக்கைப் பொறுப்பெடுப்பார்? 2015இல்தான் பொலிஎதிலீன் பொருட்களுக்கு அந்த 1987 நிபந்தனை நீங்கியது.

தாமதம் என்பதை வெறும் காகிதப் பிரச்சினையாக எண்ணிவிடக் கூடாது. சட்டம் பழைய பதிப்பைக் கேட்க, உற்பத்தியாளர் புதிய பதிப்பின்படி மேம்பட்ட பொருத்தைச் செய்தால், மேம்பட்டது சட்டப்படி ஏற்றதா என்ற சந்தேகம் எழும். வாங்குபவர் பயப்படுவார். பயந்தவர் பழையதையே கேட்பார். எம் தெருவிலும் இப்படித்தானே, "புதுசு வேண்டாம், முந்தி தந்ததையே தாங்கள்" என்று கேட்கிறார்கள்.

நேர்கோடு வளைந்த கதை

மறுபக்கமும் உண்டு. நியமத்தில் எழுதியிருக்கிறது என்பதற்காக அது சரியாகிவிடாது.

ஒரு பிளாஸ்டிக் குழாய் பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்குமா என்று அத்தனை ஆண்டுகள் காத்திருந்து பார்க்க முடியாது. ஆகவே குழாய்த் துண்டுகளை வெவ்வேறு அழுத்தங்களில் வைத்து, அவை எத்தனை மணித்தியாலத்தில் உடைகின்றன என்று 10,000 மணித்தியாலம் வரை சோதிப்பார்கள். அது சுமார் 14 மாதம். கிடைத்த புள்ளிகளை வரைபடத்தில் இட்டு, கோட்டை 100,000 மணித்தியாலத்துக்கு நீட்டுவார்கள். அது சுமார் பதினொன்றரை ஆண்டு. அந்த இடத்தில் கிடைக்கும் பலத்தை அடிப்படையாகக் கொண்டு குழாயின் வேலை அழுத்தம் கணிக்கப்படுகிறது. கோடு நேராகவே போகும் என்ற நம்பிக்கையில்தான் முழுக் கணக்கும் நிற்கிறது.

ஆரம்ப காலப் பொலிஎதிலீன் சிலவற்றில் கோடு நேராகப் போகவில்லை. ஒரு கட்டத்துக்குப் பிறகு முழங்கால் மடிந்ததுபோல் கீழே வளைந்தது. அதாவது இழுபட்டு நீண்டு உடைய வேண்டிய பிளாஸ்டிக், கண்ணாடிபோல் மயிர்க்கோடாக வெடித்தது. கல் அழுத்தும் இடம், வளைந்த இடம், பொருத்துக்கு அருகில் குழாய் தொங்கும் இடம் இவையெல்லாம் முதலில் வெடிக்கும் இடங்கள்.

1994 ஒக்டோபர் 17இல் அயோவா மாநிலத்தின் வோட்டர்லூ நகரில் இப்படி வெடித்த குழாயிலிருந்து கசிந்த வாயு ஒரு கட்டடத்தைத் தகர்த்தது. 6 பேர் இறந்தார்கள். அந்தக் குழாய் 1970களின் தொடக்கத்தில் புதைக்கப்பட்டது. அமெரிக்கத் தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 1998இல் விசேட அறிக்கை ஒன்றை வெளியிட்டது. 1960கள் முதல் 1980களின் ஆரம்பம் வரை செய்யப்பட்ட பெருமளவு பிளாஸ்டிக் குழாய்களின் பலமும் வெடிப்பைத் தாங்கும் திறனும், அன்றைய மதிப்பீட்டு முறையால் கூடுதலாகக் கணிக்கப்பட்டிருக்கலாம் என்பது அதன் முடிவு. அன்றைய நியமத்தின்படி அந்தக் குழாய்கள் எல்லாம் சித்தியடைந்தவை. விற்றவர் மோசடி செய்யவில்லை, வாங்கியவர் மலிவுக்கு ஆசைப்படவும் இல்லை. அளவுகோலே கொஞ்சம் நீண்டிருந்தது.

அதன்பின் எச்சரிக்கைகள் வந்தன. 2007 செப்டெம்பரில் வந்த அறிவித்தல் ஒன்றில் குழாய்களோடு பொருத்துகளும் பெயர் சொல்லிப் பட்டியலிடப்பட்டன. டெல்ரின் என்ற பிளாஸ்டிக் உட்செருகல் கொண்ட டீ அவற்றில் ஒன்று. பிரதான குழாயிலிருந்து ஒரு கட்டடத்துக்குக் கிளை எடுக்கப் பயன்படும் டீ அது.

16 ஆண்டுகள் கழித்து, 2023 மார்ச் 24ஆம் திகதி மாலை, பென்சில்வேனியா மாநிலத்தின் வெஸ்ட் ரெடிங் என்ற ஊரில் ஒரு சொக்லட் தொழிற்சாலை வெடித்தது. 7 தொழிலாளர்கள் இறந்தார்கள். விசாரணையில் வெளிவந்தது 1982இல் பொருத்தப்பட்ட டெல்ரின் உட்செருகல் கொண்ட ஒரு டீ. 2021இல் அதன் வேலையைப் புதிய டீ ஒன்றுக்கு மாற்றியிருந்தார்கள். ஆனால் பழையது பிரதான குழாயில் வாயு அழுத்தத்தோடு மண்ணுக்குள் அப்படியே விடப்பட்டிருந்தது. அருகில் துருப்பிடித்து வெடித்த நீராவிக் குழாயின் சூடு மண்ணைச் சுட, அந்த டீ சிதைந்து வாயு கசிந்து தொழிற்சாலைக் கட்டடத்துக்குள் புகுந்திருக்கிறது. நீராவியின் சூடு இல்லாவிட்டால் அந்த டீ இன்னும் சில காலம் கிடந்திருக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். வேலைக்காரர்கள் வாயு மணத்தை உணர்ந்திருக்கிறார்கள். கட்டடத்தைக் காலி செய்விக்கவில்லை.

பாவனையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு டீ 7 உயிர்களை எடுத்தது. புதிய விதி, புதிய நியமம் எல்லாம் இனிமேல் செய்யப்படும் சரக்குக்குத்தான். மண்ணுக்குள் ஏற்கெனவே போனதை எந்த வர்த்தமானியும் தோண்டி எடுப்பதில்லை. எது எங்கே கிடக்கிறது என்ற பதிவு இருந்தால் மட்டுமே தோண்டலாம்.

2018இல் என்ன மாற்றினார்கள்

2015 மே மாதம் முன்மொழியப்பட்டு, 2018 நவம்பர் 20இல் இறுதியாக வெளியிடப்பட்டு, 2019 ஜனவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த பிளாஸ்டிக் குழாய் விதிதான் இந்த இழுபறியில் பெரிய அடி. மூன்றரை ஆண்டு எடுத்திருக்கிறது. அதில் எம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது காசு விடயம். குழாயின் கணித்த பலத்தில் எத்தனை பங்கைப் பாவிக்கலாம் என்பதற்கு ஒரு காரணி உண்டு. பல காலமாக அது 0.32. நல்ல பொலிஎதிலீன் வந்துவிட்டது, கனடாவில் ஏற்கெனவே 0.40தான் என்று தொழிற்துறை கேட்டுக்கொண்டே இருந்தது. 2018 விதி நிபந்தனைகளோடு 0.40 ஆக்கியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளி விட்டத்தின் 11இல் ஒரு பங்கு தடிப்புள்ள குழாய், பழைய காரணியில் சதுர அங்குலத்துக்கு சுமார் 102 இறாத்தல் தாங்கும் என்று எடுக்கப்பட்டது. புதிய காரணியில் 13.5இல் ஒரு பங்கு தடிப்புள்ள குழாய்க்கே அதே 102 கிடைக்கிறது. 4 அங்குலக் குழாயில் தடிப்பு 0.409 அங்குலத்திலிருந்து 0.333ஆகக் குறையும். மூலப்பொருள் சுமார் 17 சதவீதம் மிச்சம். பல மைல் கணக்கில் புதைப்பவருக்கு இது சின்னப் பணமல்ல.

ஆனால் அந்தச் சலுகை சும்மா வரவில்லை. விதி நடைமுறைக்கு வந்த திகதிக்குப் பின் உற்பத்தியான குழாய்க்கு மட்டுமே அது. குறிப்பிட்ட வகைப் பொலிஎதிலீனாக இருக்க வேண்டும். ஒவ்வொரு விட்டத்துக்கும் ஆகக் குறைந்த தடிப்பு தனியாக எழுதப்பட்டது. அழுத்தத்துக்கு 125 இறாத்தல் என்று மூடியும் போட்டார்கள். கொடுத்த கையாலேயே கொஞ்சம் இழுத்தும் பிடித்திருக்கிறார்கள். அது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். 1998 அறிக்கையைப் படித்தவன் காரணியை உயர்த்தும்போது கை நடுங்கத்தான் செய்வான்.

இரண்டாவது பொருத்துகள். 2019 ஜனவரிக்குப் பின் பதிக்கப்படும் இயந்திரப் பொருத்துகள் முதலாம் வகையாக இருக்க வேண்டும் என்றார்கள். முதலாம் வகை என்றால், வாயு கசியாமல் அடைப்பதோடு, குழாயைப் பிடித்து இழுத்தால் குழாய் இழுபட்டு நீள வேண்டும், பொருத்து மட்டும் கழன்று வரக் கூடாது. அடைக்கும் ஆனால் இழுவையைத் தாங்காத பொருத்துகளும் நியமத்தில் உண்டு. அவற்றுக்கு இந்த வேலையில் இனி இடமில்லை. மண் இறங்கும், மரவேர் தள்ளும், பெக்கோ இயந்திரம் கொழுவி இழுக்கும். இவற்றையெல்லாம் தாங்கவேண்டியது அந்தக் கையளவு சாமான்தான்.

நல்ல பொருத்து இருந்தும் காரியம் கெட்டுப்போகலாம். 2017 ஜூலை 2ஆம் திகதி அதே பென்சில்வேனியாவில் மில்லர்ஸ்வில் என்ற இடத்தில் ஒரு வீடு வெடித்து எரிவாயுக் கம்பனி ஊழியர் ஒருவர் இறந்தார். அங்கே இயந்திர டீ ஒன்று சரியாகப் பூட்டப்படவில்லை என்று விசாரணை சொன்னது. எந்தக் கருவியால் பூட்ட வேண்டும், பூட்டும்போது கையில் என்ன உணர வேண்டும் என்பதை உற்பத்தியாளரின் அறிவுறுத்தல் தாளில் தெளிவாக எழுதும்படி பாதுகாப்புச் சபை பரிந்துரைத்தது. பெட்டிக்குள் வரும் அந்தத் தாளை எம்மில் எத்தனை பேர் பெட்டியோடு சேர்த்துக் கொடுக்கிறோம்? பெட்டியை உடைத்து இரண்டு இரண்டாகச் சில்லறையில் விற்கும்போது தாள் குப்பைக்குத்தான் போகிறது.

மூன்றாவது மீள் அரைப்பு. தொழிற்சாலையில் மிஞ்சும் துண்டுகளை அரைத்து மறுபடி சேர்ப்பது பற்றி எம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. டீ 2513 நியமம் உற்பத்தியாளரின் சொந்தச் சுத்தமான மிச்சத்தைச் சேர்க்க இடமளித்திருந்தது. அமெரிக்க அரசு நியமத்தை எடுத்துக்கொண்டது, ஆனால் அந்த ஒரு பகுதியை எடுக்கவில்லை. 2015 மார்ச் 6க்குப் பின் உற்பத்தியாகும் எரிவாயுப் பிளாஸ்டிக் குழாயில் அரைத்த சாமான் கூடவே கூடாது என்று விதியிலேயே எழுதிவிட்டது. தொழிற்துறை எழுதிய நியமத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்க வேண்டிய கட்டாயம் அரசுக்கு இல்லை என்பதற்கு நல்ல உதாரணம் இது. நியமக் குழுக்களில் உற்பத்தியாளர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் தப்பில்லை, தொழில் தெரிந்தவர் இல்லாமல் நியமம் எழுத முடியாது. ஆனால் இன்னொரு கண்ணும் வேண்டும்.

கடைசியாக முத்திரை. குழாயில் எழுத்துகள் 2 அடிக்கு ஒரு தடவையாவது வர வேண்டும், பதிக்கும் நேரம் வரை வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றார்கள். இதற்கென்றே 16 எழுத்துகள் கொண்ட ஒரு குறியீட்டு நியமமும் அங்கே இருக்கிறது. உற்பத்தியாளர், லொட் இலக்கம், திகதி, மூலப்பொருள், சாமானின் வகை, அளவு எல்லாம் அந்த 16க்குள் அடங்கும். எந்தப் பொருத்து எந்த இடத்தில் புதைந்தது என்று ஆயுட்காலப் பதிவு வைக்க வேண்டும் என்ற யோசனையும் 2015 முன்மொழிவில் இருந்தது. செலவு அதிகம் என்று பலர் எதிர்த்தார்கள். 2018 இறுதி விதியில் அது சேர்க்கப்படவில்லை. என் அபிப்பிராயத்தில் முழு விதியிலும் பெறுமதி மிக்க பகுதி அதுதான். வெஸ்ட் ரெடிங்கில் இறந்த 7 பேரை நினைத்தால் அந்தச் செலவு அதிகமாகத் தெரியவில்லை.

எம் பக்கத்துக்கு வருவோம். 2021 நவம்பர், டிசம்பரில் எம் நாட்டில் சமையல் எரிவாயு வெடிப்புகள் அடுத்தடுத்து நடந்தது யாருக்கும் மறந்திருக்காது. வாயுவின் கலவை பற்றி நாடு முழுவதும் வாதம் நடந்துகொண்டிருக்க, எம் கடைகளில் ரெகுலேட்டர், ஹோஸ், கிளிப் மூன்றுக்கும் கியூ நின்றது. அந்த நாட்களில் ஒருவர் என்னிடம் ஹோஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது எப்போது செய்தது நானா?" என்று கேட்டார். கடையில் இருந்த இரண்டு வகையில் ஒன்றில் மட்டுமே ஆண்டு அச்சாகியிருந்தது. அவர் ஆண்டு உள்ளதைக் கூடிய விலைக்கு வாங்கிப் போனார். வாடிக்கையாளர் கேட்கப் பழகிவிட்டார் என்பதை அன்று கண்டேன்.

பழைய இருப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நியமம் மாறினால் இருப்பெல்லாம் வீணாகுமா என்று பயப்படுபவர்கள் உண்டு. அமெரிக்க விதி பல இடங்களில் உற்பத்தித் திகதியையே கோடாக வைத்தது. ஆனால் இயந்திரப் பொருத்துக்குப் பதிக்கும் திகதியை வைத்தது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். உற்பத்தித் திகதி கோடு என்றால் கடையில் உள்ளதை விற்கலாம். பதிக்கும் திகதி கோடு என்றால் தட்டில் உள்ளது அன்றே செத்த சரக்கு. இங்கே எந்த நியமத்துக்கும் திருத்தம் வருகிறது என்று கேள்விப்பட்டால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். எங்கள் இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் இலக்கங்களுக்குப் பின்னாலும் ஆண்டு ஒன்று போட்டிருக்கும். குடிநீர் பீ.வீ.சீ. குழாய்க்குரிய எஸ்.எல்.எஸ். 147 என்ற இலக்கம் எல்லோருக்கும் மனப்பாடம். அதன் பின்னால் வரும் ஆண்டை யாரும் சொல்லக் கேட்டதில்லை.

இன்னொன்றையும் அமெரிக்கரிடம் கவனித்தேன். சட்டமாக்கப்பட்ட நியமத்தைக் காசு கொடுத்துத்தான் வாசிக்க வேண்டும் என்பது அநியாயம் என்று அங்கே சண்டை நடந்தது. 2012 ஜனவரியில் கையெழுத்தான குழாய்ப் பாதுகாப்புச் சட்டத்தில், இந்த விதிகள் சுட்டும் நியமங்கள் பொதுமக்களுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். இங்கே நியமப் பிரதி விலைக்குத்தான் கிடைக்கும். தனி ஒரு சில்லறைக் கடைக்காரர் அதற்குச் செலவழிப்பாரா? பழைய சோனகத் தெருவில் நாலு பேர் பங்கு போட்டு, குழாய்க்கும் பொருத்துக்கும் உரிய பிரதிகளை வாங்கி ஒரு கடையில் வைப்பதாகப் பேசியிருக்கிறோம். மூன்று பேர் சம்மதம். நாலாமவர் இன்னும், "அதை வாசித்துச் சொல்வது யார்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.